மூணு வீடு மாறிட்டான் எங்க போண்டா: பால் பைத்தான் கூண்டு ரிவ்யூ

போண்டா எங்க வீட்டு பாம்பு, பால் பைத்தான்ங்கற சின்ன ஜாதி மலைப்பாம்பு. அவனுக்கு வாங்கின மூணு கூண்டுக்கும் மார்க்கை முதல்லயே சொல்லிடறேன். பெரிய செயின் பெட் ஷாப்ல 189 டாலருக்கு வாங்கின ஸ்டார்ட்டர் கிட், 5க்கு 1. அது சரிப்படாம அவசரத்துக்கு வாங்கின 12 டாலர் பிளாஸ்டிக் டப்பா, 5க்கு 3½. கடைசியா ஆர்டர் குடுத்து 7 வாரம் காத்திருந்து வந்த பிவிசி கேஜ், 5க்கு 4½. அந்த அரை மார்க் எங்க போச்சுன்னு கீழ வரும். கடை பேரெல்லாம் போடல, ஏன்னா இதே கிட்டை இதே மாதிரி தான் எல்லா செயினும் விக்குது.

நாங்க இருக்கிறது டெக்சாஸ்ல, டல்லாஸ் பக்கம். பொண்ணுக்கு அப்ப 11 வயசு. ரெண்டு வருஷமா நாய் நாய்னு உயிரை எடுத்துட்டு இருந்தவ, எனக்கு ரோமம்னாலே தும்மல் நிக்காதுங்கறதால ஒரு நாள் "அப்பா, முடியே இல்லாத ஒண்ணு சொல்லட்டுமா"ன்னு கேட்டா. மீனா இருக்கும்னு நெனச்சேன். பால் பைத்தான்னா. நான் சிரிச்சு மழுப்பிட்டு விட்டிருப்பேன், ஆனா வீட்டுக்காரி நடுவுல வந்து "ஏங்க, குலைக்காது, முடி கொட்டாது, வாரத்துக்கு ஒரு வேளை தான் சாப்பாடு, இந்த வீட்லயே இவ்ளோ தொந்தரவில்லாத ஆள் யாரும் கிடையாது"ன்னு சொல்லி முடிச்சுட்டா. ஆக வீட்ல பாம்புக்கு பயந்தது நான் ஒருத்தன் தான்.

பால் பைத்தான் மேற்கு ஆப்பிரிக்கா, மத்திய ஆப்பிரிக்கா பாம்பு, இங்க இறக்குமதி ஆகுறது பெரும்பாலும் கானா, டோகோ, பெனின்ல இருந்து. பயந்தா தலையை நடுவுல ஒளிச்சு வச்சுட்டு உருண்டையா சுருண்டுக்கும், அதான் பால், அதாவது பந்துன்னு அந்த பேரு. எங்க பொண்ணு போண்டான்னு பேரு வச்சதும் அதனால தான். விஷம் கிடையாது, ஆண்னா 3 அடி சொச்சம், பெண்ணுன்னா 4, 5 அடி, அவ்ளோ தான் வளரும். எங்க அம்மாவுக்கு வீடியோ கால்ல காட்டினப்ப "ஏண்டா, நம்ம இருளர் ஆளுங்க அமெரிக்கா போயி புடிச்சாங்களே, அந்த பாம்பாடா இது"ன்னு கேட்டாங்க. இல்லம்மா, அது வேற. 2017ல மாசி சடையனும் வடிவேல் கோபாலும் புளோரிடா போய் புடிச்சது பர்மீஸ் பைத்தான், அது 15 அடிக்கு மேலயும் போகும், அங்க காட்டையே காலி பண்ணிட்டு இருக்கு. (2023ல அவங்க ரெண்டு பேருக்கும் பத்மஸ்ரீ குடுத்தாங்க, அம்மாவுக்கு அதுவும் ஞாபகம் இருந்துச்சு.) டெக்சாஸ்ல அந்த மாதிரி பெரிய பைத்தான், பச்சை அனகோண்டா, விஷப்பாம்பு இதுக்கெல்லாம் தான் பர்மிட் வேணும், பால் பைத்தானுக்கு வேணாம். உங்க ஊர் சட்டம் என்னன்னு நீங்க பாத்துக்கோங்க. ஊர்ல இருந்து படிக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை, இந்தியாவுல நம்ம நாட்டு பாம்பு எதையும் வீட்ல வைக்கவே கூடாது, இந்த மாதிரி வெளிநாட்டு ஜாதின்னா 2024ல வந்த விதிப்படி மத்திய அரசோட பரிவேஷ் போர்ட்டல்ல பதிவு பண்ணியாகணும். பாங்காக்ல இருந்து பெட்டிக்குள்ள பால் பைத்தானை அடைச்சு கொண்டு வந்து சென்னை ஏர்போர்ட்ல மாட்டுறாங்களே, அந்த வழியில வர்றதை தயவுசெஞ்சு தொடாதீங்க.

இப்ப கிட்டுக்கு வர்றேன். என்ன குடுத்தாங்கன்னா 20 கேலன் கண்ணாடி டேங்க், மேல வலை மூடி, ஒரு சிவப்பு பல்பு, அடியில ஒட்டுற ஹீட் மேட், முள்ளு வச்ச ரெண்டு டயல் மீட்டர் (ஒண்ணு சூட்டுக்கு, ஒண்ணு ஈரப்பதத்துக்கு), ரெண்டு பக்கமும் திறந்த பாதி மரத்துண்டு ஒண்ணு, ஆஸ்பென் மரச்சீவல் ஒரு பை. அட்டைப்பெட்டி மேல பால் பைத்தான் படம் போட்டிருந்ததால அதுக்குன்னே செஞ்சதுன்னு நம்பிட்டேன். சூடு அளவு தாண்டாம பாத்துக்கிற தெர்மோஸ்டாட் மட்டும் உள்ள இல்ல. கேட்டதுக்கு அந்த பையன் "நீட் இல்ல சார், மேட் தானா கரெக்டா சூடாகும்"னான். ஒரு ஹீட்டர் எப்படி தானா கரெக்டா சூடாகும்னு ஒரு எலக்ட்ரிகல் இஞ்சினியர் அங்கயே கேட்டிருக்கணும், கேக்கல, பொண்ணு கண்ணு அந்த பெட்டி மேலயே இருந்துச்சு.

பாம்பை மட்டும் நல்லவேளையா அந்த கடையில வாங்கல. அங்க ஒரே தொட்டியில நாலஞ்சு குட்டி, ஒண்ணு மேல ஒண்ணு, எப்ப பொறந்துச்சு என்ன சாப்பிடுதுன்னு கேட்டா யாருக்கும் தெரியல. அர்லிங்டன்ல நடக்கிற என்ஏஆர்பிசிங்கற பாம்பு, பல்லி விக்கிற ஷோவுக்கு போனோம். மேஜை மேஜையா சின்ன டப்பாவுக்குள்ள பாம்பு வச்சிருப்பாங்க, நம்மூர் பொருட்காட்சி மாதிரி கூட்டம். அங்க ஒரு அம்மா, 60 வயசுக்கு மேல இருக்கும், வீட்லயே முட்டை பொரிக்க வச்சு வளர்க்கிறவங்க, பொண்ணுகிட்ட தான் பேசினாங்க, என்கிட்ட பேசவே இல்ல. கையில குடுத்து, வாயோரம் எச்சில் நுரை இருக்கா பாரு, மூச்சு விடறப்ப விசில் சத்தம் வருதா கேளு, கண்ணை சுத்தியும் தாடைக்கு அடியிலயும் மிளகுத்தூள் மாதிரி கறுப்பு புள்ளி நகருதா பாரு அது மைட்ங்கற ஒட்டுண்ணி, முதுகெலும்பு கூரை மாதிரி துருத்திட்டு இருந்தா வேணாம், ஆசன வாய் சுத்தமா இருக்கணும், கையில எடுத்தா துணி மாதிரி தொங்காம லேசா இறுக்கி புடிக்கணும்னு ஒவ்வொண்ணா காட்டினாங்க. ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு கார்டு, பொரிஞ்ச தேதி, எத்தனை கிராம், எந்த எந்த தேதியில என்ன சாப்பிட்டுச்சு, ஃப்ரோசன் எலி எடுக்குமா உயிரோட குடுத்தா தான் எடுக்குமா எல்லாம் அதுல எழுதியிருந்துச்சு. அந்த கார்டுக்கு தான் நான் காசு குடுத்தேன்னு சொல்லுவேன், ஏன்னா இந்த ஜாதி சாப்பாட்டை நிறுத்திட்டா மாசக்கணக்குல கூட நிறுத்தும், ஏற்கனவே ஃப்ரோசன் எலி ஒழுங்கா சாப்பிடுற குட்டியா பாத்து வாங்கலன்னா முதல் தடவை வளர்க்கிறவனுக்கு ராத்திரி தூக்கம் போயிடும்.

இன்னொண்ணு, ஆப்பிரிக்காவுல கர்ப்பமா இருக்கிற தாய்ப்பாம்பை காட்ல புடிச்சு, முட்டை போட வச்சு, அந்த குட்டிங்களை ஏத்துமதி பண்றது நிறைய நடக்குது. அதுங்களுக்கும் "பண்ணையில பொரிஞ்சது"ன்னு தான் போடுவாங்க. விலை கம்மி, கூடவே உண்ணி, குடல் புழு ஃப்ரீ. கேக்க வேண்டிய கேள்வி, இதோட அப்பா அம்மா உங்ககிட்ட இருக்கா? அந்த அம்மா போன்ல ரெண்டு பேரோட போட்டோவும் காட்டினாங்க.

கலர் விஷயத்துல பொண்ணு ஆசைப்பட்டது ஸ்பைடர்னு ஒரு மார்ஃப் (கலர் ரகம்), வலைப்பின்னல் மாதிரி கோடு, பாக்க அப்படி ஒரு அழகு. அந்த அம்மா வேணாம்னுட்டாங்க. அந்த ஜீன் இருக்கிற பாம்பு தலையை ஒழுங்கா நேரா வைக்க முடியாம ஆடும், சிலது எலியை குறி வச்சு அடிக்கவே திணறும். 2022ல ஸ்கேன் பண்ணி பாத்த ஒரு ஆராய்ச்சியில உள்காது அமைப்பே கோணலா இருக்குன்னு வந்துச்சு. இன்னும் அதை விக்கிறாங்க, வாங்குறாங்க, எனக்கு அது சரியா படல. நாங்க எடுத்தது பேஸ்டல்ங்கற சாதா கலர் ரகத்துல ஒரு ஆண், 80 டாலர், 7 மாசக் குட்டி, 210 கிராம். காசை எண்ணிக் குடுக்கறப்ப அந்த அம்மா கேட்ட ஒரே கேள்வி, "இவளுக்கு இப்ப 11, இவ காலேஜ் போனப்பறம் யார் பாத்துப்பா"ன்னு. ஏன்னா இது 20, 30 வருஷம் சாதாரணமா இருக்கும். செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சிசாலையில ஒரு பால் பைத்தான் 62 வயசுன்னு கணக்கு போட்டிருக்காங்க, அது 2020ல பக்கத்துல ஆண் பாம்பே இல்லாம முட்டை போட்டுச்சு. நான் தான் பாத்துப்பேன்னு சொல்லிட்டேன், சொல்றப்ப கை நடுங்குச்சு.

முதல் வீடு, கிட். அந்த அம்மா சொன்னாங்கன்னு 20 டாலருக்கு ஒரு டெம்ப் கன்னும் (தொடாம நீட்டினாலே அந்த இடத்து சூட்டை காட்டும்) டிஜிட்டல் மீட்டரும் வாங்கி வச்சேன். டயல் மீட்டர்ல 84 டிகிரி. கன்னை தரையில காட்டினா, மேட் ஒட்டின இடத்துல 118 ஃபாரன்ஹீட். பாம்புக்கு அந்த சூடான மூலை 88ல இருந்து 92க்குள்ள தான் இருக்கணும். வயித்துல தீக்காயம் பட்டாலும் அந்த இடத்தை விட்டு சட்டுனு நகராதாம், நெனச்சாலே பகீர்னுச்சு, அன்னிக்கே மேட் பிளக்கை புடுங்கிட்டேன். ஈரப்பதம் டயல்ல 55, டிஜிட்டல்ல 28. குளிர்காலம், வீட்ல ஹீட்டர் ஓடுது, மேல வலை மூடி, அதுக்கு மேல பல்பு, எவ்ளோ தண்ணி தெளிச்சாலும் சட்டி மூடியில்லாம கொதிக்கிற மாதிரி ஒரு மணி நேரத்துல காலி. இவனுக்கு வேண்டியது 60ல இருந்து 80. சரி இன்னும் ஊத்துவோம்னு ஊத்தினா ஆஸ்பென் சீவல் நாலே நாள்ல பூஞ்சை புடிச்சு நாறுது.

போண்டா 3 வாரம் சாப்பிடல. கண்ணாடியில மூக்கை தேச்சுட்டே ராத்திரி பூரா சுத்தினான். சட்டை உரிச்சப்ப ஒரே உறையா வர வேண்டியது கிழிஞ்ச வெங்காயத்தோல் மாதிரி துண்டு துண்டா ஒட்டிட்டு இருந்துச்சு. பொண்ணு அழ ஆரம்பிச்சா. நான் அந்த அம்மாவுக்கு போட்டோ அனுப்பினேன், பதில் ரெண்டே வரி. டேங்க்ல இருந்து எடு, கடையில போய் மூடி போட்ட பிளாஸ்டிக் ஸ்டோரேஜ் டப்பா வாங்கு.

இங்க தான் எனக்கு பல்பு எரிஞ்சுது. கறையான் புத்தெடுக்க பாம்பு குடிபோச்சுன்னு சின்ன வயசுல இருந்து கேட்ட பழமொழி தானே, அடுத்தவன் உழைப்புல வாழுறவனை திட்ட சொல்லுவாங்க. பால் பைத்தான் நெசமாவே அப்படி தான் இருக்கு. ஆப்பிரிக்காவுல பகல் பூரா கறையான் புத்துக்குள்ளயும் எலி வளைக்குள்ளயும் தான் கெடக்கும், இருட்டினப்பறம் தான் வெளிய வரும். இருட்டு, ஈரம், ஒரே சீரான சூடு, நாலு பக்கமும் உடம்பை ஒட்டின சுவர். நான் அவனுக்கு குடுத்தது ஹால் நடுவுல நாலு பக்கமும் கண்ணாடி வச்ச ஜவுளிக்கடை ஷோகேஸ்.

ரெண்டாவது வீடு, 12 டாலர் டப்பா. பக்கவாட்டுல சால்டரிங் அயர்னால ஓட்டை போட்டேன், அடியில தேங்கா நார் சில்லு போட்டேன் (இங்க ரெப்டைல் கடையில விக்கிற தேங்கா மட்டை துண்டு, நம்மூர்ல சும்மா கெடக்கும், இங்க 25 டாலர்), ரெண்டு ஓரத்துலயும் ஒவ்வொரு சின்ன பிளாஸ்டிக் குகை, ஒரே ஒரு வாசல், சுருண்டு உக்காந்தா மூணு பக்கமும் உடம்பு இடிக்கிற அளவுக்கு தான் இருக்கணும், பெருசா இருந்தா பிரயோஜனம் இல்ல. ஒரு குகை சூடான பக்கம், ஒண்ணு குளிர்ந்த பக்கம், இல்லன்னா அவன் சூடா ஒளிவிடமான்னு ஏதாவது ஒண்ணை தான் தேர்ந்தெடுக்கணும். மேட்டுக்கு ஒரு 35 டாலர் தெர்மோஸ்டாட். ஆறாவது நாள் ராத்திரி எலியை இடுக்கியில புடிச்சு காட்டினதும் ஒரே அடி, ஒரே சுத்து, முழுங்கிட்டான். அடுத்த சட்டை வால் நுனி வரைக்கும் ஒரே உறையா வந்துச்சு, பொண்ணு அதை ஸ்கேல் வச்சு அளந்து டைரியில ஒட்டி வச்சிருக்கா. 189 டாலர் செய்யாததை 12 டாலர் செஞ்சுது. ஆனா நிரந்தரமா அதுலயே வைக்கணும்னா எனக்கு மனசு வரல, உள்ள எதுவும் தெரியாது, அவன் நீட்டி படுக்கவே இடமில்ல. நெறைய வளர்க்கிறவங்க அலமாரி டிராயர் மாதிரி இதுலயே தான் வச்சிருக்காங்க, அந்த சண்டைக்குள்ள நான் போகல.

மூணாவது வீடு, பிவிசி கேஜ். 4 அடி நீளம், 2 அடி ஆழம், 2 அடி உயரம், ஷிப்பிங்கோட 420 டாலர். தட்டையா பலகையா வந்துச்சு, ஸ்க்ரூ டிரைவர் மட்டும் வச்சு ஒரு மணி நேரத்துல மாட்டிட்டோம். மூணு பக்கம் கறுப்பு பலகை, முன்னாடி மட்டும் கண்ணாடி, தள்ளுற கதவு. முன்னாடி திறக்கிறது பெரிய விஷயம்ங்க, டேங்க்ல மேல இருந்து கை விட்டா கழுகு வருதுன்னு தான் அதுக்கு தோணும், ஒவ்வொரு தடவையும் உருண்டையாகிடுவான், இதுல பக்கவாட்டுல கை போறதால இப்ப நாக்கை நீட்டி மோந்து பாத்துட்டு தானா ஏறிக்கிறான். மேல பலகை மூடினதால ஈரப்பதம் 70ல நிக்குது, வாரத்துக்கு ரெண்டு தடவை ஓரமா ஒரு சொம்பு தண்ணி நார்ல ஊத்துறேன், அவ்ளோ தான். பெரிய கூண்டுல வச்சா பயந்து சாப்பிடாதுன்னு நெறைய பேர் பயமுறுத்தினாங்க, காலியா மொட்டையா வச்சா தான் அந்த பிரச்சனை. நாங்க பிளாஸ்டிக் செடி, கார்க் மரப்பட்டை, ஒரு சாய்ஞ்ச கிளை எல்லாம் போட்டு குப்பைக்காடு மாதிரி ஆக்கிட்டோம். தரையிலயே கெடக்கிற பாம்புன்னாங்களே, ராத்திரி 11 மணிக்கு பாத்தா கிளை மேல தொங்கிட்டு இருப்பான்.

சூட்டுக்கு கூரையில 80 வாட் ரேடியன்ட் பேனல் (கீழ சூடு வீசுற தட்டை ஹீட்டர்), ஹெர்ப்ஸ்டாட் 1 தெர்மோஸ்டாட்ல ஓடுது. பேனலை விட தெர்மோஸ்டாட்டுக்கு அதிகமா செலவு பண்ணுங்க. இது ஆன் ஆஃப்னு டப்பு டப்புன்னு வெட்டாம வேண்டிய அளவுக்கு மட்டும் கரண்ட் விடும், ஏதாவது தப்பாச்சுன்னா கத்தும். சென்சார் ஒயரை பாம்பு இழுத்து வெளிய தள்ளிடுச்சுன்னு வைங்க, குளிருதுன்னு நெனச்சு ஹீட்டர் முழு வேகத்துல ஓடும், அதனால கிளிப் போட்டு திருகி வைங்க. செலோடேப் மட்டும் உள்ள ஒட்டவே ஒட்டாதீங்க, பாம்பு ஒட்டிக்கிட்டா செதிலோட பிச்சுட்டு வரும். சூடாகிற கல்லுன்னு ஒண்ணு விக்கிறாங்க, அது பக்கமே போகாதீங்க. பாம்பை விடறதுக்கு முன்னாடி காலி கூண்டை ஒரு வாரம் ஓட்டி சூடு ஈரம் எல்லாம் எழுதி வச்சு பாத்துக்கோங்க, நாங்க முதல்லயே இதை செஞ்சிருந்தா அந்த 3 வாரம் அவன் பட்டினி கெடந்திருக்க மாட்டான்.

அரை மார்க் குறைச்சது எதுக்குன்னா, ரெண்டு கண்ணாடி கதவும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறுற இடத்துல ஒரு சின்ன இடுக்கு இருக்கு, சுண்டு விரல் நுழையாது, ஆனா பொரிஞ்சு கொஞ்ச நாளே ஆன பாம்புக்குட்டி தலையை விட்டு பாக்கும். ஃபோம் பட்டை 4 டாலருக்கு வாங்கி ஒட்டினேன். 420 வாங்குறவங்க அந்த 4 டாலரை அவங்களே போட்டிருக்கலாம். பூட்டும் தனியா தான் வாங்கணும், அதுவும் கட்டாயம் வாங்குங்க. ஒயர் போற ஓட்டையும் நான் அடைச்சேன்.

கேஜ் ரிவ்யூல வராத செலவு ஒண்ணு சொல்லணும். எங்க வீட்ல முட்டை கூட உள்ள வராது. ஃப்ரோசன் எலி பட்டாணி பாக்கெட் பக்கத்துல இருக்கிறதை கற்பனை பண்ணி பாருங்க. அதுக்குன்னு கராஜ்ல 150 டாலருக்கு தனி குட்டி ஃப்ரீசர். முந்தின நாள் ராத்திரி கராஜ்லயே ஐஸ் பெட்டிக்குள்ள வச்சு மெதுவா இளக விட்டு, அப்பறம் பாக்கெட்டோட சுடுதண்ணில போட்டு 100 டிகிரி ஃபாரன்ஹீட் கிட்ட சூடாக்கி குடுக்கணும், மைக்ரோவேவ் கூடவே கூடாது. அந்த வேலை என்னுது. பயந்தவன் தலையிலயே விழுந்துச்சு. சாப்பிட்டு ரெண்டு நாள் தூக்கக்கூடாது, கக்கிடும். தூக்கினப்பறம் சோப்பு போட்டு கை கழுவணும், சால்மொனெல்லா வரும், 5 வயசுக்குள்ள குழந்தை இருக்கிற வீட்டுக்கு இந்த ஜாதியே வேணாம்னு தான் இங்க அரசாங்கத்தோட நோய்த்தடுப்பு அமைப்பு சிடிசி சொல்லுது. அப்பறம் 2021 பிப்ரவரியில இங்க நாள்கணக்குல கரண்ட் போனதை மறக்காம, பாம்பு பார்சல்ல வைக்கிற 40 மணி நேர ஹீட் பேக் ஒரு டஜன் வாங்கி வச்சிருக்கேன்.

14 மாசம் ஆச்சு. 780 கிராம். நடுவுல குளிர்காலத்துல 5 வாரம் வாயே திறக்கல, ஆனா எடை 10 கிராம் கூட குறையாததால நானும் டென்ஷன் ஆகல. கிச்சன் தராசு ஒண்ணு அவனுக்குன்னு தனியா இருக்கு, ஞாயித்துக்கிழமை காலையில பொண்ணு எடை போட்டு எழுதுவா, இப்ப நானும் தூக்குறேன், கழுத்துல மட்டும் போட மாட்டேன்.

பழைய கிட் டேங்க்ல கறிவேப்பிலை கன்னு நாலு இருக்கு, டல்லாஸ் குளிர்ல அதுங்களுக்கு அந்த கண்ணாடி ரொம்ப புடிச்சிருக்கு, அதுக்காக தான் அந்த 1 மார்க். ஹீட் மேட் தெர்மோஸ்டாட்டோட சும்மா கெடக்கேன்னு மாவு புளிக்க வைக்கலாமான்னு கேட்டேன். வீட்டுக்காரி பதிலே சொல்லல. இட்லி மாவு இந்த வருஷமும் ஓவன் லைட்லயே தான் பொங்குது.